மூன்றாவது பிரதி உங்களிடம்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஜன்னல் வழியாக வந்தது. கோயில் அலுவலகத்துக்கு நேர் எதிரே தையல் கடை போட்டு இருபத்தெட்டு வருடமாகிறது. கால் மிஷினில் இருக்கும். கண்ணும் காதும் எங்கே இருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். ஊரில் இதற்கு வம்பு என்று பெயர். எழுதுகிறவர்கள் செய்தால் கூர்ந்த கவனிப்பு என்று பெயர்.

ஊர் உடுப்பிக்குத் தெற்கே, ஆறு கடலில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால். அதற்கு மேல் அடையாளம் சொல்லமாட்டேன். சொன்னால் மொக்தேசர் ஜகன்னாத ஹெக்டேயின் மனம் நோகும். கோயிலின் பரம்பரை அறங்காவலர் அவர். என் கடை இருப்பதும் கோயில் கட்டடத்தில்தான். அவர் மனம் நொந்தால் மற்றவர்களுக்குத்தான் வலிக்கும்.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

“கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்த அந்த டிசம்பர் காலையில்—”

வேண்டாம். தாழ்வு மண்டலத்துக்கும் கதைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வானிலையில் ஆரம்பித்தால் இலக்கியமாகிவிடும் என்ற நப்பாசை.

“கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்கும் நச்சு நிரல்கள் இன்றைய உலகில் பெரும்—”

இது பள்ளிக்கூடக் கட்டுரை. பத்துக்கு ஆறு மதிப்பெண்.

“சதானந்த சேரிகார் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.”

இது இருக்கட்டும்.

2

சதானந்த சேரிகார் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்து மூன்று, கோயில் அலுவலகத்தின் ஒரே எழுத்தர். தேடியது ஒரு மின்னஞ்சலில். “பிரம்மகலச விழா அழைப்பிதழ். தங்கள் பெயர் பதினான்காம் பக்கத்தில்” என்று வந்திருந்தது. பிரம்மகலசம் என்றால் எங்கள் பக்கத்துக் கும்பாபிஷேகம். எந்தக் கோயில், யார் அனுப்பியது, ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் அழைப்பிதழ் அச்சடிப்பது ஆட்களை அழைப்பதற்காக அல்ல, பெயர் போடுவதற்காக. கௌரவத் தலைவர்கள், கௌரவத் துணைத் தலைவர்கள், பந்தல் குழு, வாகன நிறுத்தக் குழு, ஊறுகாய் பரிமாறும் குழு என்று எண்ணூறு பேராவது இருப்பார்கள். கடவுள் பெயர் அட்டையில் மட்டும். வந்த அழைப்பிதழைத் திறக்காமல் விடுவது மரியாதைக் குறைவு. திறந்த பிறகு தன் பெயரைத் தேடாமல் இருப்பது மனித சுபாவத்துக்கே விரோதம்.

திறந்தார். பெயரைக் காட்ட அனுமதி கேட்டது. அனுமதித்தார். மறுபடி கேட்டது. மறுபடி அனுமதித்தார். மூன்றாவது முறையும் கேட்டபோது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ பூரித்துப்போனார். இவ்வளவு கட்டுக்காவலோடு வைத்திருக்கிறார்கள் என்றால் பெரிய குழுவில்தான் தன் பெயர் இருக்க வேண்டும்! பக்கம் வெற்றாக வந்தது. இணையம் மெதுவாக இருக்கிறது என்று கோளிபஜே போண்டா சாப்பிடக் கிளம்பிவிட்டார். எதிரே இருந்து பார்த்தேன். நடையில் ஒரு கௌரவத் துணைத் தலைவர் தெரிந்தார்.

திரும்பி வந்தபோது திரை கறுத்துப்போய், சிவப்பு எழுத்தில் ஓர் ஓலை நின்றது. உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டன, மூன்று நாளுக்குள் இன்ன முகவரிக்கு இணையக் காசு அனுப்பினால் சாவி, இல்லையென்றால் இல்லை.

பதினான்காம் பக்கம் கடைசிவரை வரவேயில்லை.

3

உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாவிட்டால் “போனால் போகிறது” என்பீர்கள்.

எங்கள் அம்மனுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் மொட்டை போடுவதில்லை, ஆட்டம் நடத்துகிறார்கள். யட்சகான ஆட்டம், எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து. கோயிலுக்கு இருப்பது ஒரே குழு. கார்த்திகையில் சலங்கை கட்டினால் வைகாசியில் அவிழ்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டார் ஆட்டம். நேர்ந்துகொண்ட வீடுகளோ மூவாயிரத்துக்கு மேல். இன்று போய்ப் பதிந்தால் 2043-இல் தேதி கிடைக்கும். விவரமானவர்கள் கல்யாணத்துக்கு முன்பே பேரனுக்காகப் பதிந்துவைக்கிறார்கள். பேரன் பிறக்காவிட்டால் அது அம்மன் பாடு.

ரசீதில் பதிவு எண் மட்டும்தான் இருக்கும். எண்ணுக்கு எந்தத் தேதி என்பது கணினிக்குள். ஏனென்றால் தேதி நிற்காது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருடம் ஆட்டம் நடத்தக்கூடாது. அடுத்த வீட்டோடு மாற்றிக்கொள்வார்கள். அந்த வீட்டிலும் யாராவது போவார்கள். இப்படிப் பதினெட்டு வருடத்துச் சாவுகள் எல்லாம் பின்னிப் பின்னி ஒரு பட்டியலாகி, அது ஒரே ஒரு கணினியில், ஒரே ஒரு கோப்பில், சதானந்தர் கையில் இருந்தது. மொக்தேசருக்குக்கூடக் காட்டமாட்டார். “அம்மனுக்கும் எனக்கும் நடுவுல இருக்கிற விஷயம்” என்பார்.

(நவம்பரில் அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அலுவலகம் சொல்வதற்கு முன்பே தேதிகள் ஊருக்குள் கசிகின்றன, யார் கசியவிட்டது என்று. நான் இல்லை என்று சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று பிறகு சொல்கிறேன். சொல்லாமலும் விடலாம்.)

4

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் வால்டர் பிண்டோ வந்தார். நான் தைத்துவைத்திருந்த அம்மன் பட்டுப் பாவாடையைக் கொடுக்கும் சாக்கில் நானும் போனேன்.

“முதல்ல ஒயரைப் பிடுங்குங்க சேரிகாரே. நெட் ஒயரு! மாராயா, ஃபேன் ஒயரை ஏன் பிடுங்குறீங்க?”

“பதட்டம், பொர்புளே.” (வால்டர் மாதிரிக் கிறிஸ்தவர்களை இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்.)

“மெஷினை அணைக்காதீங்க. அந்த ஓலையை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், போலீசுக்கு வேணும். சரி, நகல் எங்கே? ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டிஸ்க் குடுத்தேனே. வெள்ளிக்கிழமை மாட்டுங்க, நகல் எடுங்க, பிடுங்கிப் பீரோல வெச்சுப் பூட்டுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே?”

“அது பத்திரமா இருக்கு.”

“எங்கே?”

“இதோ. மாட்டித்தான் இருக்கு.”

கணினியின் தலைமேல் இருந்தது டிஸ்க். சந்தனம், குங்குமப் பொட்டு, காய்ந்த செவ்வந்தி. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜையில் பட்டர் கணினிக்கும் டிஸ்க்குக்கும் சேர்த்து ஒரே மாலையாகப் போட்டுவிட்டார். அதிலிருந்து அது வெறும் டிஸ்க் இல்லை.

“இதைக் கழட்டவே இல்லையா?”

“பூஜை பண்ணி உக்கார வெச்சது, பொர்புளே. அசைக்கலாமா?”

வால்டர் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரிதான். உள்ள வந்தவனும் முதல்ல கும்பிட்டுட்டுத்தான் இதைப் பூட்டியிருப்பான்.”

“இணையத்துலயும் ஒண்ணு வைக்கலாம்னு சொன்னீங்களே, அதுக்கு நான் மொக்தேசரைக் கேட்டேன். அம்மனோட லிஸ்ட் அமெரிக்காவுல எதுக்குன்னுட்டாரு.”

இந்த இடத்தில் எனக்கு வால்டர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நேர்மையான, விவரமான, முன்பே எச்சரித்த கணினிக் கடைக்காரர். கதையில் இப்படி ஒருவர் நடமாடினால் யார் நம்புவார்கள்? ஆகவே அவருக்கு ஒரு குறை தேடினேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை: வாக்கியத்துக்கு ஒரு தடவை “நான் அப்பவே சொன்னேன்” என்பார். சொன்னது சரியாகவும் இருந்து தொலையும். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய குறை கிடையாது.

5

மொக்தேசருக்கும் ஒரு நல்ல குணம் வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பாத்திரம் முழுமையாக இருக்குமாம். இருபத்தெட்டு வருட ஜன்னல் அனுபவத்தில் தேடிப் பார்த்தேன். அவர்

(இந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும். கிடைத்தால் வந்து முடிக்கிறேன்.)

அவர் முதலில் பிரசன்னம் பார்க்கச் சொன்னார். சோழி உருட்டிய ஜோதிடர், வடமேற்கு மூலையிலிருந்து பீடை வந்திருக்கிறது என்றார்.

“மோடம் அங்கதான் இருக்கு” என்றார் வால்டர்.

அடுத்து மொக்தேசர், “கேட்டதைக் குடுத்து முடிச்சிடுவோமே” என்றார்.

“குடுத்தா சாவி தருவான்னு என்ன நிச்சயம் ஐயா? தந்தாலும் அது எல்லாத்தையும் திறக்கும்னு இல்ல. ஆனா குடுக்குற கோயில்னு மட்டும் நமக்குப் பேர் வந்துடும். அப்புறம் வருஷா வருஷம் அழைப்பிதழ் வரும்.”

வால்டர் தன் வழியில் போனார். இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தார். பூட்டிய கோப்புகளைப் புது டிஸ்க்கில் அப்படியே எடுத்துவைத்தார். இலவசமாகச் சாவி தரும் தளங்களில் போட்டுப் பார்த்தார். இந்த ரகப் பூட்டுக்குச் சாவி இன்னும் வரவில்லை. “வெச்சிருங்க, என்னைக்காவது வரலாம்.” கணினியைச் சுத்தமாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, கடவுச்சொற்களை மாற்றினார். (பழையது அம்மன் பெயரும் 123-ம். ஊரில் பாதிப் பேருடையதும் அதுதான்.) நான்காம் நாள் கணினி பளபளவென்று எழுந்தது. நெற்றியில் பொட்டில்லை, தலையில் பட்டியலும் இல்லை.

அன்று அவருடைய கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக் கொடுத்தபடியே கேட்டேன்: “பொர்புளே, ஒரு நகல் இருந்தா போதாதா?”

“மூணு வேணும் அக்கா. ஒண்ணு வேலை பார்க்கறது. ரெண்டாவது வேற ரகப் பொருள்ல. மூணாவது ஊர்லயே இருக்கக்கூடாது, எதோடயும் ஒட்டாம எங்கேயோ கிடக்கணும். எடுத்து வெச்சா மட்டும் போதாது. திரும்ப வருதான்னு ஒருநாள் இறக்கிப் பார்க்கணும். இறக்கிப் பார்க்காத நகல் நகலே இல்ல. நான் அப்பவே சொன்னேன்.”

6

பட்டியல் போனது தெரிந்த மறுநாளே ஊருக்கு ஞாபகசக்தி வந்துவிட்டது. இந்தப் பருவத்துச் சனிக்கிழமைகள் அத்தனைக்கும் சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். ஒரு சனிக்கிழமைக்குப் பதினோரு பேர். வியாழக்கிழமைகளை யாருக்குமே நினைவில்லை.

குலாபி சாலியான் மட்டும் சண்டை போட வரவில்லை. மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, உள்ளே நாற்றம் போகக்கூடாதென்று படியிலேயே நின்று பேசினாள். அறுபத்தொன்பது வயது. 2008-இல் அவள் மகன் போன படகு நான்கு நாள் திரும்பவில்லை. அப்போது நேர்ந்துகொண்டது. ஐந்தாம் நாள் மகன் வந்தான். தேதி வரத்தான் பதினேழு வருடம்.

“சதானந்தா, ஜனவரி பதினேழுதானே எனக்கு? பந்தலுக்குச் சொல்லிட்டேன். மகனும் துபாய்ல லீவு போட்டுட்டான்.”

“பதினேழுதான் குலாபியக்கா. சனிக்கிழமை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“டாக்டரு நெஞ்சைத் திறந்து என்னமோ வால்வு மாத்தணும்கறாரு. டிசம்பர்லயே வான்னாரு. ஆட்டம் முடியட்டும், அப்புறம் திறந்துக்கோன்னுட்டேன். உள்ள போனவ வெளிய வருவேனோ மாட்டேனோ. கடனோட போகக்கூடாது பாரு.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க அக்கா.”

“பின்ன எப்படிப் பேசுறது? உன் மெஷின் மாதிரி வாயை மூடிக்கவா?”

சதானந்தர் சிரிக்கப் பார்த்தார். அவருக்குப் பின்னால் மொக்தேசர் வந்து நின்றதை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

“பதினேழு மும்பைல இருக்கிற என் மச்சினனோடது” என்றார் மொக்தேசர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. “அவன் ஓட்டலை மூடிட்டு ஐம்பது பேரோட வர்றான்.”

“ஐயா, அது குலாபியக்கா தேதி.”

“ஆதாரம்?”

“நான் எழுதினது ஐயா. எனக்குத் தெரியும்.”

“நீ எழுதினதுதான் போயிருச்சே. லிஸ்டைத் தொலைச்சவன் ஞாபகத்தை நம்பி அம்மன் காரியம் நடத்த முடியுமா? அதுவும் தேதியை ஊரெல்லாம் கசியவிட்டு லெட்டர் வாங்கினவன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அங்க பேசுவோம். குலாபி, உனக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம். அவசரமா என்ன?”

குலாபி கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். இரண்டு முறை முயன்றுதான் தூக்க முடிந்தது. சதானந்தர் உதவப் படி இறங்குவதற்குள் போய்விட்டாள்.

7

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) சனிக்கிழமை மாலை வால்டர் ஓடி வருகிறார். இலவசச் சாவி வந்துவிட்டது! கோப்புகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கின்றன. இது நடக்கும், ஆனால் அபூர்வமாக நடக்கும். நம் ஞாயிற்றுக்கிழமைக்காக யாரும் அங்கே கண்விழித்து வேலை பார்க்கவில்லை.

ஆ) எங்கள் பக்கத்துச் சாமியாட்டமான கோலத்தில் தெய்வம் ஆடி வந்து, “பதினேழு குலாபிக்கு” என்று வாக்குச் சொல்கிறது. தெய்வம் ஆடுவதற்கும் தேதி வேண்டுமே. அதுவும் மொக்தேசர் கையில்தான் இருக்கிறது.

இ) மொக்தேசர் மனம் திருந்துகிறார். (ஐந்தாம் பகுதியில் பாதியில் நிற்கும் வாக்கியத்தைப் பார்க்கவும்.)

ஈ) சதானந்தர் வேலையை விடுகிறார், குலாபி

இல்லை. இதை எழுத என் கை வரவில்லை.

8

சரி. சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுத பூஜை. அவல் பிரசாதம் வாங்க நானும் போனேன். சதானந்தர் இலை எடுக்க வெளியே போயிருந்தார். கணினிக்குப் பூஜை என்பதால் அதைத் திறந்தே வைத்திருந்தார்கள். பட்டியல் திரையில் தகதகவென்று நின்றது. பக்கத்து வீட்டு ஆட்டம் எந்தத் தேதி என்று பார்க்க நினைத்தேன், அவ்வளவுதான். நினைத்தது ஒரு படம். எடுத்தது பதினான்கு. இந்தப் பருவம் முழுவதும் என் போனில் இருக்கிறது.

தேதிகள் கசிந்தது எப்படி என்று இப்போது உங்களுக்குத் தெரியும். “உங்க ஆட்டம் பிப்ரவரி முதல் வாரமா இருக்கும்னு மனசு சொல்லுது” என்பேன். அப்படியே பலித்தது. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடாத குறை. சதானந்தரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்த அன்று அவர் என் கடைக்கு வந்து, “யாரு அக்கா இப்படிச் செஞ்சிருப்பாங்க?” என்று கேட்டார். பட்டன் தைத்துக்கொண்டே, “காலம் கெட்டுப்போச்சு” என்றேன்.

பட்டியலைத் தொலைத்தது அவர். அவர் பேச்சுக்கு மதிப்பில்லாமல் செய்தது நான். இந்தக் கதையைப் படர்க்கையில், சதானந்தருக்குப் பக்கத்திலேயே நின்று எழுதலாம் என்று நினைத்தது இதற்காகத்தான். அவர் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கும். ஜன்னல் என்றால் வெளியே பார்க்க மட்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான்காவது படம். கொஞ்சம் ஆடியிருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. அப்படியே எழுதுகிறேன்:

வரிசை 52. ஜனவரி 17, 2026, சனி. குலாபி சாலியான். பதிவு எண் 1126. நேர்ந்த காரணம்: மகன்.

மும்பை மச்சினன் பெயர் பதினான்கு படத்திலும் எங்கேயும் இல்லை. மூன்று முறை தேடினேன். (தன் பெயரைத் தேடினவர் பூட்டிக்கொண்டார், அடுத்தவர் பெயரைத் தேடினவள் இதோ.)

9

ஞாயிறு, ஒன்பது ஐம்பது. அலுவலகத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. மொக்தேசர் வந்துவிட்டார். சதானந்தர் வெறும் கையோடு முற்றத்தைக் கடக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, தோள் பக்கம் நான் போட்ட தையல். குலாபி படியில் உட்கார்ந்திருக்கிறாள். கூடையில்லாமல் அவளை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இருக்கிறாள்.

“அவள் போனை எடுத்துக்கொண்டு முற்றத்தைக்—”

“அவள் ஜன்னலை மெல்லச் சாத்திவிட்டு—”

“அவள்” என்ற சொல் சமயத்துக்கு நன்றாகவே உதவுகிறது. இரண்டையும் முடிக்கவில்லை.

ஒன்று தெரியும். போனை நீட்டினால் பத்து நிமிடத்தில் குலாபிக்குத் தேதி, சதானந்தருக்கு மானம் திரும்பும். எனக்குக் கடை போகலாம். “மனசு சொல்லுது” நிச்சயம் போகும். இன்னொன்றும் தெரியும். மொக்தேசர் போனைக் கையில் வாங்கிப் பார்ப்பார். அவர் கட்டை விரல் தடிமனானது. படங்கள் அழிவதற்கு ஒரு தொடுகை போதும். “கைதவறிடுச்சு அக்கா” என்பார்.

வால்டர் சொன்னது மூன்று. முதல் பிரதி போனில். இரண்டாவது, வேறு ரகப் பொருளில்: எட்டாம் பகுதியில், மையால். மூன்றாவது ஊரில் இருக்கக்கூடாது, எதோடும் ஒட்டக்கூடாது. துளுவும் கன்னடமும் பேசும் எங்கள் ஊரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இவ்வளவு நேரம் உங்களிடம் எதற்காகப் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தீர்கள்?

ஆனால் இறக்கிப் பார்க்காத நகல் நகலே இல்லை. ஆகவே, மேலே திரும்பிப் பார்க்காமல் சொல்லுங்கள். ஜனவரி பதினேழு, சனிக்கிழமை. யாருடைய ஆட்டம்?

கொஞ்சம் சத்தமாக. ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.